ஜகார்த்தா போனதில்லை என்று சொல்லிவிட்டேன்

சென்ற வருடம், மழைக்காலம் முடிந்த சமயம். நல்ல மதிய வெயில். எண்ணூர் விரைவுச் சாலையில், துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே என் பைக் மாட்டிக்கொண்டு நின்றது. அப்போதுதான் போன் அடித்தது.

நான் வேலை பார்த்த மென்பொருள் கம்பெனியில் ஆட்குறைப்பு செய்து ஐந்து மாதமாகியிருந்தது. மனைவிக்கு ஏழாம் மாதம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மின்சார ரயிலில் நின்றபடி வேலைக்குப் போய்வந்தாள். அவள் விடுப்பு எடுப்பதற்குள் எனக்கு வேலை கிடைத்தாக வேண்டும்.

பேசியவர் ஒரு கம்பெனிக்கு ஆள் எடுக்கும் பெண். "ஜகார்த்தாவுல எத்தனை வருஷம் சார்?" என்றார். லாரி இரைச்சலில் எனக்கு ஊர்ப் பெயர் மட்டும்தான் விழுந்தது. "நான் வெளிநாடே போனதில்லை மேடம்" என்றேன்.

"அப்ப இது செட் ஆகாது சார்." வைத்துவிட்டார்.

கொஞ்ச தூரம் நகர்ந்த பிறகுதான் சுரீரென்று உறைத்தது. அவர் கேட்டது ஊரை இல்லை! பெரிய நிறுவனங்களுக்கு மென்பொருள் எழுத உதவும் ஜாவா தொழில்நுட்பம் ஒன்று உண்டு. முன்பு ஜே-டூ-ஈ-ஈ என்பார்கள். இப்போது அதற்கு ஜகார்த்தா என்று பெயர். எட்டு வருடமாக நான் சோறு தின்றதே அதில்தான். பயோடேட்டாவில் பழைய பெயரைப் போட்டுத் தொலைத்திருந்தேன்.

திரும்ப அழைத்தால் பிஸி. மறுபடியும் பிஸி. பின்னாலிருந்து லாரி டிரைவர் ஒருவர் தலையை நீட்டினார்.

"இன்னா நைனா, ரோட்டு நடுவுல நின்னுகினு போன் நோண்டிகினு கீறே?"

"வேலை விஷயம்ணா. ஒண்ணுமே கேக்கல."

அவர் இன்ஜினை அணைத்தார். "பேசு. லைன் நகர லேட்டாவும்."

ஒருவழியாக அந்தப் பெண் எடுத்தார். நான் சர்வர், வெர்ஷன் என்று மூச்சுவிடாமல் கொட்டினேன்.

"சார், நான் பி.காம். நீங்க சொல்றது ஒண்ணுமே புரியல. இப்போ மேனேஜருக்குப் பெயரெல்லாம் அனுப்பணும். என்ன சொல்லி உங்களைச் சேர்க்கட்டும்?"

கோபம் தலைக்கேறியது. ஆனால் அவர் குரலிலும் பயம் இருந்தது. பேச்சில் தென்கோடி வாடையும் இருந்தது.

"நாகர்கோவில் பக்கமா மேடம்?"

"ஆமா. அதுக்கென்ன?"

"வஞ்சிரத்தை உங்க ஊர்ல எப்படிச் சொல்வீங்க?"

"நெய்மீன்."

"இங்க காசிமேடு மீன் மார்க்கெட்டுல வந்து நெய்மீன் இருக்கான்னு கேட்டா இல்லம்பாங்க. எதிர்லயே வஞ்சிரம் குவிஞ்சு கிடக்கும். ஜே-டூ-ஈ-ஈயும் ஜகார்த்தாவும் அப்படித்தான்."

அந்தப் பக்கம் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது.

"அப்ப உங்ககிட்ட நெய்மீன் எத்தனை வருஷமா இருக்கு சார்?"

"எட்டு" என்று கத்தியேவிட்டேன்.

"கெட்ச்சிச்சா?" என்றார் டிரைவர். நான் தலையாட்டியது நினைவிருக்கிறது.

அதன்பின் மூன்று சுற்று நேர்காணல். மனைவி விடுப்பு எடுப்பதற்கு முன்பே வேலையில் சேர்ந்துவிட்டேன். அங்கே அந்தப் பெண்ணைப் பார்த்தபோது சொன்னார்: "புரியலைன்னு சொன்னா ஆபீஸ்ல சிரிப்பாங்க சார். உங்ககிட்டதான் முதல்ல சொன்னேன்."

எந்த ஜகார்த்தா என்று திருப்பிக் கேட்க அன்று எனக்குத் தோன்றவில்லை. புரியவில்லை என்று வாய்விட்டுச் சொல்ல அவருக்குத் துணிச்சல் இருந்தது, அதனால்தான் என் மகள் பிறந்த அன்று ஆஸ்பத்திரி வாசலில் நான் கவலையில்லாமல் நின்றேன்.