கேள்வி கேட்கிற டாக்டர்

போன வாரம் எனக்கு முழங்கால் வலி. பெங்களூரிலிருக்கும் மகள் போனிலேயே யாரோ ஒரு டாக்டரிடம் பேசி முடித்துவிட்டாள். சாயந்திரம் ஒரு பையன், தலையிலிருந்த ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல், மாத்திரைப் பொட்டலத்தை நீட்டிவிட்டுப் போனான். ஆக, வலி எனக்கு, பேசினது அவள், முழங்காலை மட்டும் யாரும் பார்க்கவில்லை. பொட்டலத்தைப் பிரித்து மோந்து பார்த்தேன். ஒரு வாசனையும் இல்லை. மாத்திரையை மோந்து பார்க்கிற கிழவனா என்று சிரிக்காதீர்கள். பழைய கம்பவுண்டர்களுக்கு இந்தப் பழக்கம் லேசில் போகாது.

ஐம்பதுகளின் ஆரம்பத்தில் ராயபுரத்தில் ஒரு டிஸ்பென்சரியில் நான் கம்பவுண்டராக இருந்தேன். உள்ளே நுழைந்தால் பெப்பர்மின்ட், டிங்சர், ஓமத் தண்ணீர் எல்லாம் கலந்து அடிக்கும். காற்று திரும்பினால் கருவாடும் ரயில் புகையும் சேர்ந்துகொள்ளும். மிக்சர் என்றால் இன்றைக்குக் காராபூந்தி. எங்களுக்கு அது மருந்து. வருகிறவர்கள் சீசாவை வீட்டிலிருந்தே கொண்டு வர வேண்டும். நல்லெண்ணெய் சீசா, பன்னீர் சீசா, எது கிடைக்கிறதோ அது. பிராந்தி வாசனை போகாத சீசாவில் ஒரு குழந்தைக்கு இருமல் மருந்து ஊற்றிக் கொடுத்திருக்கிறேன். குழந்தை நன்றாகத் தூங்கியதாகச் சொன்னார்கள்.

அந்தப் பக்கத்தில் அப்போது டாக்டரிடம் சீசாதான் வரும், ஆள் வராது. சீக்காளி ஹார்பரிலோ மில்லிலோ வேலையில் இருப்பான். வீட்டில் யாருக்குக் கை ஓய்கிறதோ அவர்கள் காலி சீசாவை எடுத்து வந்து "அதே மருந்து" என்பார்கள். மற்ற டிஸ்பென்சரிகளில் மறுபேச்சில்லாமல் ரொப்பிக் கொடுப்பார்கள். எங்கள் டாக்டர் மட்டும் எகிறுவார்.

"சீசாவுக்கெல்லாம் நான் வைத்தியம் பாக்கறதில்லே. ஆளைக் கூட்டிட்டு வா!"

குள்ளமான மனுஷர், மூக்கு நுனியில் கோபம். ஆள் வந்துவிட்டால் மட்டும் குழைந்துவிடுவார். நாக்கை நீட்டச் சொல்வதற்கு முன்னால் சம்பந்தமே இல்லாமல் எதையெதையோ கேட்பார். ராத்திரி எந்தப் பக்கம் தலை வைத்துப் படுத்தாய், அப்போது யாரோடு சண்டை, கடைசியாக எப்போது சிரித்தாய் என்றெல்லாம். "வவுத்து வலின்னு வந்தா இந்தாளு இன்னா சம்பந்தம் பேசறாரு?" என்று என்னிடம் வந்து முறைப்பார்கள்.

வண்ணாரப்பேட்டையிலிருந்து கயிறு வியாபாரம் செய்கிற ஒரு பாய் வருவார். நெஞ்செரிச்சல். பல டாக்டர் பார்த்து, பல கலர் மிக்சர் குடித்துவிட்டு வந்தவர். எங்கள் டாக்டர் ஒரு மணி நேரம் பேச்சுக் கொடுத்ததில் விஷயம் வெளியே வந்தது. பாயின் இரண்டு மகன்களுக்குள் பேச்சு வார்த்தை கிடையாது, தனித்தனி வீடு. ஒருத்தன் வீட்டில் சாப்பிட்டால் இன்னொருத்தன் கோபித்துக்கொள்வான் என்று, மனுஷர் தினமும் இரண்டு வீட்டிலும் முழுச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்! டாக்டர் மகன்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு உட்காரவைத்துத் திட்டினார். வேளைக்கு ஒரு வீட்டில் மட்டும் சாப்பாடு என்று ஆனதும் நெஞ்செரிச்சல் நின்றது. பாய் எங்களுக்கு ஒரு தேக்சா நிறைய பிரியாணி அனுப்பினார். அதைத் தின்றுவிட்டு எனக்கு நெஞ்செரிச்சல் வந்தது வேறு கதை.

இப்படியே சொல்லிக்கொண்டிருந்தால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அந்த டிஸ்பென்சரி என்றாலே எனக்கு நினைவு வருவது பிரியாணி இல்லை. ஒரு நாள் என் அக்காவே சீசாவோடு வரிசையில் வந்து நின்றாள்.

அக்கா வீட்டுக்காரர், என் மாமா, ஹார்பரில் கப்பலிலிருந்து நிலக்கரி இறக்குகிற வேலையில் இருந்தார். ராத்திரியெல்லாம் இருமுகிறாராம். கம்பவுண்டரின் அக்கா என்பதற்காக டாக்டர் சலுகை ஒன்றும் காட்டவில்லை. ஆளைக் கூட்டி வா என்றார்.

"ஆளு வந்தா கூலி பூடும் டாக்டரு. காலீல ஹார்பரு கேட்டாண்ட நிக்கலன்னா மேஸ்திரி வேற ஆள எட்த்துக்குவாரு" என்றாள் அக்கா.

"அப்ப ஞாயித்துக்கிழமை கூட்டி வா. உனக்காகத் திறக்கறேன்."

மாமா கல்யாணச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். அது அவர் தோளில் தொங்கியது. டாக்டர் வழக்கம்போலக் கேட்க ஆரம்பித்தார். காறித் துப்பினால் என்ன நிறம்? கறுப்பு. வீடு எங்கே? கொருக்குப்பேட்டையில், கூட்ஸ் லைனை ஒட்டி. ஜன்னலைத் திறந்து வைப்பாயா? தொறந்தா எஞ்சின் கரி வருது சார், மூடினா அடுப்புப் பொகை சார். வீட்டில் சம்பாதிக்கிறது யார்? அவர் ஒருத்தர்தான். சாப்பிடுவது அம்மா, கல்யாணத்துக்கு நிற்கிற தங்கச்சி, அக்கா, பிள்ளைகள். முதுகில் காதை வைத்துக் கேட்டுவிட்டு டாக்டர் எழுந்தார்.

"இந்த வேலையை இன்னிக்கே விட்டுடணும். மருந்தால ஆகற காரியம் இல்லே."

மாமா சிரித்தார். சிரிப்பு இருமலாகி அடங்க நேரமாயிற்று. "எங்கூட்டு சமாச்சாரம் மொத்தம் கேட்டுக்கினீங்க டாக்டர். இப்ப நீங்களே சொல்லுங்க. வேலைய வுட்டா அவ்ளோ பேரும் சாவணும். வுடலன்னா நான் ஒர்த்தன். இன்னா பண்லாம்?"

டாக்டர் மருந்துச் சீட்டை எடுத்தார், ஒன்றும் எழுதாமல் திரும்ப வைத்தார்.

சும்மா இருந்தார் என்றும் சொல்ல மாட்டேன். அந்த வாரமே தன் ஓட்டைக் காரில் என்னையும் ஏற்றிக்கொண்டு திருவொற்றியூரில் ஒரு ஆலைக்குப் போனார். வாட்ச்மேன் வேலை காலி இருந்தது. மானேஜர் மரியாதையாகத்தான் பேசினார். "நீங்க சொன்னா போதும் டாக்டர். ஆள் திடகாத்திரமா?" என்றார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. டாக்டர் என்னைப் பார்த்தார். பிறகு, "நுரையீரல் கெட்டுப் போயிருக்கு. அதனாலதான் கேக்கறேன்" என்றார். "நான் ஆஸ்பத்திரியா சார் நடத்தறேன்?" என்று மானேஜர் எழுந்துவிட்டார். திரும்பி வரும்போது காரில், பொய் சொல்லியிருக்கலாமே என்று எனக்கு ஆத்திரம். இன்றைக்கும் அது தீரவில்லை. அவருக்கும் தீர்ந்ததாகத் தெரியவில்லை.

அடுத்த வாரம் அக்கா சீசாவோடு வந்தாள். டாக்டர் அதை வாங்கி என்னிடம் நீட்டினார். "ரொப்பிக் குடு" என்றார். அதில் ஒரு பிரயோஜனமும் இல்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரிந்துதான் இருக்கும். மாமா கடைசிவரை கரிக்குத்தான் போனார். மழைக்காலம் தாண்டவில்லை.

அதற்குப் பிறகு டாக்டர் யாருடைய சீசாவையும் திருப்பி அனுப்பவில்லை. யாரையும் எதுவும் கேட்கவுமில்லை. நாக்கு, நாடி, சீட்டு, அடுத்த ஆள். வேடிக்கை என்னவென்றால் கூட்டம் இரண்டு பங்காயிற்று. சீக்கிரம் அனுப்புகிறார், நல்ல டாக்டர் என்று பெயர் வந்தது. அப்படியே பல வருஷம் நடத்தினார். இப்போது அந்த இடத்தில் செல்போன் கடை. அந்தக் கால டாக்டர்களே வேறு, எல்லாம் காலத்தோடு போயிற்று என்று என் வயதுக்காரர்கள் சொல்லும்போது நான் தலையாட்டுவதில்லை. காலம் கொண்டு போகவில்லை. அவர் உயிரோடு அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதே அது போய்விட்டது.

மாமா போய்ச் சில மாதம் கழித்து அக்கா தலைவலி என்று வந்தாள். டாக்டர் நிமிராமலே சீட்டு எழுதி நகர்த்தினார். அவள் நகரவில்லை. பின்னாலிருந்தவர்கள் முணுமுணுத்த பிறகுதான் நகர்ந்து என் ஜன்னலுக்கு வந்தாள். மருந்தை வாங்கிக்கொண்டு தாழ்ந்த குரலில் சொன்னாள்:

"டாக்டரு எதுனா கேப்பாருன்னு நெனச்சேன்டா. இன்னின்னா சொல்றதுன்னு வழியெல்லாம் சேத்து வெச்சிக்கினே வந்தேன்."