நம்பிச் சொன்ன மயக்கம்

பாலக்கோடு பக்கம் ஒரு பேரூராட்சியில் நான் குப்பை வண்டி ஓட்டினேன். ஊழியர்களுக்காக வாரம் ஒருநாள் அலுவலகத்திலேயே மருத்துவ அறை திறப்பார்கள். அங்கே வரும் நர்ஸம்மா நல்ல உயரம், ஒல்லி. ஸ்டெதஸ்கோப்பை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கிய பிறகுதான் நெஞ்சில் வைப்பார். அந்தப் பதமான கையை நம்பித்தான் நான் வாயைத் திறந்தேன்.

“யாருக்கும் தெரியக் கூடாதுங்க.”

“நான் யாருகிட்டங்க சொல்லப் போறேன்? நீங்க சொல்லுங்க.”

வண்டி ஓட்டும்போதே இரண்டு முறை நினைவு தப்பியதைச் சொன்னேன்.

மறுநாள் காலை செயல் அலுவலர் வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டு, என்னைக் குப்பை பிரிக்கும் வேலைக்கு அனுப்பினார். காரணம் அலுவலகம் முழுக்கத் தெரிந்திருந்தது.

அடுத்த வாரம் நர்ஸம்மா முன்னால் போய் நின்றேன். “சொல்ல மாட்டேன்னுதானே சொன்னீங்க?”

“ஆமாங்க, பொய்தான் சொன்னேன். நீங்க போற வழியில பள்ளிக்கூடம் இருக்குதுங்களே.”

தலை நிமிராமல், தர்மபுரி பெரியாஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதி நீட்டினார்.

அங்கே கொடுத்த மாத்திரையில் மயக்கம் நின்றுவிட்டது. அவர் செய்தது தப்பில்லை என்று எனக்கே தெரிகிறது. ஆனாலும் எந்த டாக்டர் உடம்புக்கு என்ன என்று கேட்டாலும், இன்றுவரை பாதியைத்தான் சொல்கிறேன்.