சவரிமுத்து தூசி என்று மூடியவை

சென்ற திங்கட்கிழமை ஒன்பதாம் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது சைக்கிள் கடைக்காரர் சன்னலோரம் வந்து நின்றார். "சார், ஸ்டுடியோ சவரிமுத்து போய்ட்டாருங்க. காலையில கதவத் தட்டுனோம், தொறக்கல" என்றார். அப்போது என் மேசை இழுப்பறையில் ஒரு விஞ்ஞானப் பத்திரிகை இருந்தது. சவரிமுத்துவிடம் காட்டுவதற்காக அதில் ஒரு பக்கத்தை மடித்து வைத்து மூன்று வாரம் ஆகியிருந்தது.

செஞ்சியில் அவர் எடுத்த படம் இல்லாத வீடு குறைவு. நீங்கள் இந்த ஊர்க்காரர் என்றால், உங்கள் கல்யாணப் படத்தில் அம்மைத் தழும்பு தெரியாமல் போனது அவர் கைவேலைதான். தூசி விழுந்த வெள்ளைப் புள்ளி ஒன்று இருந்தாலும் மெல்லிய தூரிகையால் மை தொட்டு மூடிவிட்டுத்தான் படத்தைக் கையில் கொடுப்பார். "தண்ணி மட்டும் படாம பாத்துக்கங்க. மை கலைஞ்சிடும், அடியில இருக்குறது தெரிஞ்சிடும்" என்று எல்லோரிடமும் சொல்வார்.

மனைவி இறந்த பிறகு ஸ்டுடியோவின் பின்கட்டில் தனியாகவே இருந்தார். நானும் வேற்றூரிலிருந்து வந்த தனிக்கட்டை. பள்ளிக்கூடம் விட்டதும் அவருடைய முக்காலியில் போய் உட்காருவேன். இந்த ஊரில் என்னைப் பார்த்து "சாப்டீங்களா சார்" என்று கேட்ட ஒரே ஆள் அவர்.

போன வருடம் பள்ளிப் பொருட்காட்சிக்காக, பத்திரிகையில் வந்த வானப் படம் ஒன்றைப் பெரிதாக எடுத்துத் தரச் சொன்னேன். இரண்டு நாள் கழித்து முகமெல்லாம் சிரிப்பாகக் கொண்டுவந்தார். விரித்தால் ஒரே கறுப்பு. நடுவில் பெரிய சுழல் ஒன்று மட்டும் இருந்தது. "ஒரே தூசி சார். உக்காந்து அத்தனையும் மூடிட்டேன்" என்றார்.

அவர் மூடிய ஒவ்வொரு புள்ளியும் கோடிக்கணக்கான நட்சத்திரங்கள் சேர்ந்த ஒரு விண்மீன் மண்டலம். தலைமையாசிரியர் முன்னிலையில் "முட்டாள், வானத்தையே அழித்துவிட்டீரே!" என்று கத்தி, படத்தை வீசியெறிந்தேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் குனிந்து அதை எடுத்துச் சுருட்டிக்கொண்டு போனார்.

மறுநாள் மை படாத புதுப் படம் ஒன்றைப் போட்டுத் தாமே கொண்டுவந்து மாட்டினார். நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "கும்பல் கும்பலா இருக்குது சார். நடுவுல இவ்ளோ எடம் காலியா இருக்குதே, அங்க இன்னா இருக்குது?" என்று கேட்டார்.

"ஒன்றுமில்லை."

"போட்டோ பிளேட்டுல விழலன்னா ஒண்ணுமில்லன்னு ஆயிடுமா சார்?"

"உமக்கெதற்கு இந்த ஆராய்ச்சி?" என்றேன். அதன் பிறகு அவர் கேட்கவில்லை. வெட்கத்தில் நானும் அந்தப் பக்கம் போவதை நிறுத்திவிட்டேன். மாலைகளில் அறையில் தனியே உட்கார்ந்திருந்தேனே தவிர, அந்த முக்காலிக்குத் திரும்பிப் போகவில்லை.

நான் மடித்து வைத்த பக்கத்தில் இருந்தது இதுதான்: விண்மீன் மண்டலங்களுக்கு இடையில் மிக மெல்லிய வாயு பரவியிருக்கலாம், அது கண்ணுக்குத் தெரியாது, சாதாரணப் படத்திலும் விழாது, வேறு கருவிகளால் அதைத் தேடுகிறார்கள். சவரிமுத்து கேட்டது சரியான கேள்வி. அதைச் சொல்ல எனக்கு ஒரு தெரு நடந்தால் போதும். மூன்று வாரமாக எதிர்ச்சாரியிலேயே தலையைக் குனிந்துகொண்டு போனேன். போயிருந்தால் அவர் குத்திக்காட்டியிருக்க மாட்டார். முக்காலியைத் தட்டிப் போட்டிருப்பார்.

கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் முடிந்ததும், அனந்தபுரத்திலிருந்து வந்திருந்த அவருடைய தங்கை என்னிடம் ஒரு சுருளை நீட்டினார். "உங்க பேரு எழுதியிருந்துச்சுங்க சார். இன்னான்னு தெரியல, ஒரே கறுப்பா இருக்குது." நான் வீசியெறிந்த அதே படம்.

அறைக்கு வந்து ஈரப் பஞ்சால் மெல்லத் துடைத்தேன். மை கரையக் கரைய மண்டலங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. எல்லாம் அடியில் அப்படியே இருந்தன. பிறகு மடித்த பக்கத்தைப் பிரித்து வாய்விட்டுப் படித்தேன். அறையில் கேட்க ஆளில்லை.

அந்தப் படம் இப்போது என் சுவரில் இருக்கிறது. ஓரத்தில் ஒரு சின்னப் புள்ளியை மட்டும் நான் துடைக்கவில்லை. அதன்மேல் அவர் தொட்ட மை இருக்கிறது.