பிரதூனாமில் ஒரு போணி

காலடிப்பேட்டையில் மெட்ரோ ஏறினால் நேரே விமான நிலையத்தில் இறங்கலாம், நடுவில் மாறுகிற வேலையே இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நானும் என் வீட்டுக்காரர் பாஸ்கரும் அப்படித்தான் பாங்காக்குக்குக் கிளம்பினோம். தலைக்கு ஐம்பது ரூபாய் டிக்கெட்டில் வெளிநாட்டுப் பயணத்தைத் தொடங்கியவர்கள் எங்கள் தெருவில் நாங்களாகத்தான் இருப்போம்.

விமான டிக்கெட் எங்கள் மகள் ரேவதி எடுத்துக் கொடுத்தது. அதற்குக் காரணம் இருந்தது. வண்ணாரப்பேட்டையில் எங்களுக்கு ஒரு நைட்டிக் கடை. இவரும் இவர் தம்பி குமாரும் சேர்ந்து நடத்தினார்கள். தை மாதம் குமார் நெஞ்சுவலியில் போய்விட்டான். அன்றைக்கு இறக்கிய ஷட்டரை இவர் ஏற்றவே இல்லை. கேட்டால் ஒரே பதில்தான். "காலைல மொத போணிய எப்பவும் அவன்தானே சரசு வாங்குவான். அவன் கை ராசி. என் கைல இன்னா கீது?" ஊர் திரும்பியதும் கடையைக் கைமாற்றிச் சாவியைப் பக்கத்துக் கடை பாயிடம் கொடுத்துவிடுவதாகவும் சொல்லி வைத்திருந்தார். எனக்கு அதில் துளியும் சம்மதமில்லை. போனவனை நினைத்து நானும் அழுதவள்தான். அதற்காக இருக்கிற மனுஷன் நாள் முழுக்க ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் தாங்குமா?

திங்கள், காலை. மூன்றரை மணி நேரத்தில் விமானம் இறக்கிவிட்டது. விமான நிலையத்தின் பெயர் சுவர்ணபூமி. நகைக்கடைக்கு வைக்கலாம். அங்கிருந்து ரயிலில் நாற்பது பாட், நம்ம காசுக்கு நூறு ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே. நாங்கள் தங்கிய பகுதி பிரதூனாம். வெளியே வந்து பார்த்தால் எங்கு பார்த்தாலும் துணி. மாடி மாடியாய்த் துணிக்கடை, நடைபாதையில் துணி, கைவண்டியில் துணி மூட்டை. எங்கள் வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டைத் தூக்கி இங்கே வைத்த மாதிரி இருந்தது. ரேவதி தெரிந்துதான் இங்கே அறை எடுத்தாளா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. இவர் தரையைப் பார்த்தபடியே நடந்தார். முப்பது வருஷம் துணி விற்ற மனுஷன் ஒரு துணியைத் தொடவில்லை.

செவ்வாய். கால்வாய்ப் படகில் ஏறினோம். கண்டக்டர் அம்மா தலையில் ஹெல்மெட்டோடு படகின் விளிம்பிலேயே நடந்து வந்து டிக்கெட் கொடுக்கிறாள். தண்ணீர் தெறித்தால் ஓரத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் கயிற்றை இழுத்துத் தார்ப்பாயை உயர்த்த வேண்டும். அந்த வேலை இவர் தலையில் விழுந்தது. "நாத்தம் நம்ம பக்கிங்காம் கால்வா கணக்காவே கீதுல்ல?" என்று சிரித்தார். எட்டு மாதத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். அருணன் கோயிலுக்கு ஆற்றைக் கடக்க ஐந்து பாட், உள்ளே போக இருநூறு பாட். பீங்கான் துண்டுகளைப் பதித்தே கோபுரத்தை எழுப்பியிருக்கிறார்கள். உடைந்ததையும் வீணாக்காத ஜனங்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

புதன், காலை ஐந்தே முக்கால். நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மிதக்கும் சந்தைக்கு ஆறரைக்கு வேன். காசு முன்னாலேயே கட்டியாகிவிட்டது. அதற்குள் தெருச்சந்தையை ஒரு சுற்று சுற்றலாம் என்று நான்தான் இவரை இழுத்துப்போனேன். ஒரு அம்மா அப்போதுதான் கடை விரித்துக்கொண்டிருந்தாள். நாற்பது வயது இருக்கும். யானை படம் போட்ட தொளதொள பேன்ட். ரேவதிக்கு நன்றாக இருக்கும் என்று நாலைந்தைப் பிரித்துப் பார்த்தேன். அவள் கால்குலேட்டரில் 180 என்று அடித்தாள். நான் வண்ணாரப்பேட்டைக்காரி, 90 என்று அடித்தேன். அவள் சிரித்துக்கொண்டே 160க்கு வந்தாள். நான் விறுவிறுவென்று நடந்துவிட்டேன். நம்ம ஊரில் பத்தடி போவதற்குள் கூப்பிட்டுவிடுவார்கள். இவள் கூப்பிடவில்லை.

விடுதி வாசலில் வேன் நின்றது. ஒரு காலைப் படியில் வைத்த இவர் அப்படியே நின்றுவிட்டார்.

"சரசு, அந்தம்மா இப்பதான் கட விரிச்சுது. நாமதான் மொத ஆளு."

"அதுக்கு இன்னாய்யா?"

"போணி ஆவாத கடைல துணியப் பிரிச்சுப் போட்டு வந்துகிறோம். நாள் பூரா அதுக்கு விளங்குமா? நீ ஏறு, நான் வரேன்."

சொல்லிவிட்டு ஓட்டமும் நடையுமாகப் போய்விட்டார். டிரைவர் ஐந்து விரலைக் காட்டினார், ஐந்து நிமிஷம். உள்ளே நாலு வெள்ளைக்காரர்கள் காத்திருந்தார்கள். நான் கையசைத்து அவர்களைப் போகச் சொல்லிவிட்டு, இவரைத் திட்டிக்கொண்டே பின்னால் போனேன்.

போய்ப் பார்த்தால், பேரமே பேசாமல் 180 பாட்டுக்குப் பேன்டை வாங்கிக் கையில் வைத்திருந்தார். அந்த அம்மா அவர் கொடுத்த நோட்டுகளைக் கையில் பிடித்து, தொங்கின துணி, அடுக்கின துணி, மூட்டையில் இருந்த துணி எல்லாவற்றையும் தட்டிக்கொண்டே போனாள். "லக்கி, லக்கி" என்றாள். இவர் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவங்களுக்கும் போணி உண்டு சரசு," என்றார் மெல்ல.

அந்த நேரம் பார்த்துப் பெரிய பைகளோடு இரண்டு ஆப்பிரிக்கப் பெண்கள் வந்து நின்றார்கள். டஜன் டஜனாக எடுத்தார்கள். அவர்கள் போனதும் அந்த அம்மா இவரிடம் வந்து, இவருடைய வலது கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினாள். மறுபடியும் "லக்கி". இவர் தன் உள்ளங்கையை யாருடையதோ போலப் பார்த்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. நடுத்தெரு என்றும் பார்க்காமல் அழுதேன்.

பிறகு நடந்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். கலைந்து கிடந்த பேன்டுகளை இவர் மடிக்க ஆரம்பித்தார். அவள் வேண்டாம் என்று கையாட்டிப் பார்த்து, அப்புறம் ஒரு ஸ்டூலைக் காட்டினாள். அவள் பெயர் நொய். எண்ணெயில் பொரித்த மாவும் சோயா பாலும் வாங்கித் தந்தாள். ஒன்பது மணிக்கு அந்தச் சந்தை கலையும்வரை அங்கேதான் இருந்தோம். மிதக்கும் சந்தை எப்படி இருக்கும் என்று என்னைக் கேட்காதீர்கள், நான் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஊர் வந்தோம். பாங்காக் நம்ம ஊரைவிடச் சுத்தம், ரயில் சொன்ன நேரத்துக்கு வருகிறது, யாரும் ஹாரன் அடிப்பதில்லை. இதையெல்லாம் பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து இவர் குரல் கேட்டது. பாயிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். "கோச்சுக்காத பாய். சாவிய குடுக்கறாப்பல இல்ல."

திங்கட்கிழமை கடை திறந்தோம். ஷட்டர் துருப்பிடித்து ஏற மறுத்தது. உள்ளே குமார் மடித்து வைத்த அடுக்கு தூசியோடு அப்படியே இருந்தது. அதைத் துடைக்க எங்கள் இருவருக்குமே கொஞ்ச நேரம் பிடித்தது. பத்து மணிக்கு ஒரு சின்னப் பெண் வந்து தன் அம்மாவுக்கு நைட்டி எடுத்தாள். போனை நீட்டி ஸ்கேன் எங்கே என்று கேட்டாள்.

"போணிம்மா," என்றார் இவர். "நோட்டா இருந்தாக் குடேன்."

அவள் பைக்குள் துழாவி, கசங்கின நோட்டுகளை எடுத்து நீட்டினாள். இவர் எழுந்து நின்று வாங்கிக்கொண்டார். கண்ணில் ஒற்றிக்கொண்டார். ரொம்ப நேரம் கல்லாவில் போடவேயில்லை.