கறுப்புச் சட்டையில் இரண்டு கோடுகள்

இந்த ஊரில் குளிர்காலத்தில் ஓடப் போகிறவர் வாசலைத் தாண்டும்போது குளிரில் கொஞ்சம் நடுங்க வேண்டும். அப்போதுதான் அவர் சரியாக உடுத்தியிருக்கிறார் என்று அர்த்தமாம். கதவைத் திறந்ததும் உடம்பு கதகதவென்று இருந்தால் திரும்பிப் போய் ஒன்றைக் கழற்றிவிட்டு வர வேண்டும். இல்லையென்றால் தெரு முனைக்குப் போவதற்குள் வேர்த்துவிடும். அந்த வேர்வை சட்டையில் ஊறி, பிறகு அதுவே ஐஸாகி ஆளைப் பிடிக்கும். மொன்றியலுக்கு வந்த நாளிலிருந்து குளிர் என்றால் வீட்டில் இருப்பதையெல்லாம் எடுத்துப் போடுவதுதான் என் பழக்கம். பஸ்ஸுக்குக் காத்து நிற்க அது சரி. ஜான்-டலோன் சந்தையில் மரக்கறிப் பெட்டிகளோடு நின்று வேலை செய்யவும் சரி. ஓடுவதற்குச் சரிவராது. குளிரோடு வெளிக்கிட்டால்தான் சூடாகத் திரும்பி வரலாம் என்பது என் மண்டையில் ஏறக் கன நாள் எடுத்தது.

ஐம்பதைத் தாண்டிய, மன்னார்க் கரையில் பிறந்த ஒரு பொம்பிளைக்குப் பனியில் என்ன ஓட்டம் என்று நீங்கள் கேட்பீர்கள். அங்கேயே இருந்திருந்தால் நானும் கேட்டிருப்பேன். எங்கள் பக்கத்தில் வளர்ந்த மனிதர் காரணமில்லாமல் ஓடுவதில்லை. ஒருத்தர் ஓடினால் சனம் படலை வாசலுக்கு வந்து "ஆருக்கு என்ன?" என்று விசாரிக்கும். இங்கே ஓடுகிறவரை யாரும் எதுவும் கேட்பதில்லை. பிரெஞ்சில் ஒரு "போன்ஜூர்" வணக்கம், அதுவும் மூச்சிரைப்புக்கு நடுவில்.

முதலில் ஓடியவர் இவர்தான், என் கணவர். துறைமுகப் பக்கம் ஒரு வெயார்ஹவுஸில் கொண்டெய்னர் இறக்கும் வேலை. சீனி வருத்தம், அதுதான் சர்க்கரை வியாதி, கூடிவிட்டது, நடக்கவோ ஓடவோ வேண்டும் என்று டொக்டர் சொல்ல, இவர் கார்ட்டியர்வில்லில் எங்கள் அப்பாட்மென்டுக்குப் பின்னால் ஆற்றோரமாக ஓடத் தொடங்கினார். நானும் இவரின் தங்கையான என் மச்சாளும் யன்னலில் நின்று பார்ப்போம். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. மச்சாளும் கலியாணம் கட்டவில்லை. வந்த நாள் முதல் மூன்று பேரும் ஒரே வீடு.

"மச்சாள், உங்கட கொண்ணரை ஆரும் கலைச்சுத் துரத்துகினமோ?" என்பேன் நான்.

"இல்லை மச்சாள். நீங்கள் வைச்ச குழம்புக்குத் தப்பி ஓடுறார்."

அந்த மனிதர், போன வருட வசந்தத்தில் ஆற்றில் ஐஸ் வெடித்து உருகத் தொடங்கிய நாட்களில் போய்ச் சேர்ந்தார். கணையத்தில் வந்த வருத்தம். தெரிந்தபோதே கடைசிக் கட்டம். அடக்கம் முடிந்து மூன்று மாதம் வீட்டில் ஆள் குறையவில்லை. எங்கள் கோயில் பங்குச் சனம் மாறி மாறி வந்தது, செபம் சொன்னது, சமைத்துத் தந்தது. நான் கொஞ்சம் கண் கலங்கினால் போதும், ஒருத்தி தோளைப் பிடிப்பாள், ஒருத்தி தண்ணீர் கொண்டுவருவாள். நல்ல மனங்கள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு அழுகையை அதன் கடைசி வரைக்கும் அழ எனக்கு ஓரிடம் கிடைக்கவில்லை. மச்சாளின் முன்னால் அழவும் முடியாது. நான் தொடங்கினால் அவரும் தொடங்குவார், பிறகு அவரைத் தேற்றுவது என் வேலையாகிவிடும்.

இலையுதிர் காலத்தில் ஒருநாள் ஆற்றோரம் நடக்கப் போனேன். எதிர்க் காற்று. என் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. எதிரே வந்தவருக்கும் வழிந்தது, அவருக்குப் பின்னால் நாயோடு வந்த பெண்ணுக்கும் வழிந்தது. இந்த ஊர்க் காற்றில் எல்லோருக்கும்தான் கண்ணீர் வரும், அதை யாரும் அழுகை என்று நினைக்க மாட்டார்கள். நான் நடையைக் கூட்டினேன், பிறகு ஓடினேன். ஓடி ஓடி அழுதேன். வீட்டுக்கு வந்தபோது, இவர் போன பிறகு முதல்முறையாக, நெஞ்சில் மூச்சு இறங்கியது. அன்றைக்கு முடிவு செய்தேன், குளிர்காலம் முழுக்க எனக்கு இது வேண்டும் என்று.

மச்சாள் மறிக்கவில்லை. ஒன்றுதான் சொன்னார்.

"ஓடுங்கோ மச்சாள், நான் வேண்டாமெண்டு சொல்லேல்லை. ஆனால் அண்ணையின்ர ஆண்டுப் பூசை முடியுமட்டும் நிறம் வேண்டாம். கறுப்பில ஓடுங்கோ."

"ஆர் பாக்கப் போகினம் மச்சாள், ஆத்தங்கரையில?"

"நான் பாப்பன்."

சரி என்றேன். இந்த நாட்டில் எனக்கு உரித்தென்று இருப்பது அவர் ஒருவர்தான். இவருடைய வேலைச் சட்டை, செம்மஞ்சள் நிறத்தில் வெளிச்சம் பட்டால் மினுங்கும் வெள்ளிக் கோடு போட்ட கையில்லாத சட்டை, கதவுக்குப் பின்னாலுள்ள கொளுக்கியில் அப்படியே தொங்குகிறது. அடக்கத்துக்கு அடுத்த நாள் நான் அதை மடிக்கப் போனபோது, "அது கிடக்கட்டும்" என்று கையைப் பிடித்தவர் அவர். அவரும் கறுப்பில்தான் இருந்தார். அவருடைய துக்கத்தை உடைத்துக்கொண்டு என் துக்கத்துக்கு வழி வெட்ட எனக்கு மனம் வரவில்லை.

ஓட்டத்துக்கு உடுப்பு வாங்கப் போன கடையில் நின்ற பெட்டை சின்ன வயது, மூக்கில் வளையம். ஓடுவதற்குத்தான் உடுப்பு தேடுகிறேன் என்றதும் அவளுக்குப் புளுகம், அவ்வளவு சந்தோஷம். முதலில், வெங்காயம் மாதிரி உடுக்க வேண்டும் என்றாள். எனக்குத் தெரிந்த பிரெஞ்சு சந்தைப் பிரெஞ்சு. காலையில் நிறுத்துக் கொடுத்த வெங்காயத்தை இவள் ஏன் உடுப்புக்கடையில் கேட்கிறாள் என்று விழித்தேன். அவள் சிரித்துக்கொண்டு தன் சட்டையை ஒவ்வொன்றாக இழுத்துக் காட்டினாள். தோலோடு ஒட்டுவது பருத்தியாக இருக்கக் கூடாது, பருத்தி வேர்வையைக் குடித்துவிட்டு விடாது. அதற்கு மேல் மெல்லிய கம்பளி. அதற்கு மேல் காற்றை மறிக்கும் மேற்சட்டை. காதை மூடும் தொப்பி, மூக்கு வரை இழுத்துவிடக் குழாய் போன்ற கழுத்துத் துணி. விரல் பிரிந்த கையுறையைவிட விரல்கள் ஒன்றாகக் கிடக்கும் கையுறை சூடு என்றாள், தனித்தனியே இருந்தால் விரல் விறைத்துப் போகுமாம். எனக்கும் மச்சாளுக்கும் சொன்ன மாதிரி இருந்தது. சப்பாத்துக்குக் கீழே மாட்டுகிற, சின்னச் சின்ன ஆணி வைத்த ரப்பர் ஒன்றும் தந்தாள். எல்லாம் சரியாகத்தான் போனது. நிறத்தில் வந்து நின்றோம்.

அவள் கண்ணைக் குத்துகிற செம்மஞ்சள் ஒன்றை எடுத்தாள். "நுவார்" என்றேன் நான், கறுப்பு. கறுப்பு ஆளை மெலிவாகக் காட்டும், விளங்குகிறது மடாம், ஆனால் நாலரைக்கே இருட்டிவிடுகிறதே, கார்க்காரர்களுக்குத் தெரிய வேண்டாமா என்றாள். மெலிவுக்கில்லை, என் கணவர், என்றேன். உங்கள் கணவருக்குக் கறுப்புத்தான் பிடிக்குமா என்று கேட்டாள். நான் ஓம் என்று தலையாட்டினேன். அவருக்கு வெள்ளை பிடிக்காதா, வெள்ளை எடுங்களேன் என்றாள், பிறகு தானே நாக்கைக் கடித்துக்கொண்டு, இல்லையில்லை, வெள்ளை பனியோடு பனியாகப் போய்விடும், அது கறுப்பைவிட மோசம் என்றாள். எங்கள் துக்கத்துக்கு இருப்பது இரண்டே நிறம். இரண்டும் இந்த ஊரில் ஆளை மறைக்கும். கறுப்பு மேற்சட்டையை வாங்கிக்கொண்டு வந்தேன்.

முதல் பனி விழுந்த அன்று கண்ணாடி முன்னால் நின்று ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டபோது கை நின்றுவிட்டது. இதே மாதிரி ஒருமுறை உடுத்தியிருக்கிறேன். சண்டைக்குத் தப்பி ஊரை விட்டு ஓடிய இரவு, பையில் இடமில்லை என்று அம்மா மூன்று சட்டைகளை என் உடம்பிலேயே போட்டுவிட்டார். மன்னார் வெக்கையில் மூன்று சட்டை. என் வெள்ளைப் பள்ளிக்கூடச் சட்டையை விட்டுவிட்டு வர மாட்டேன் என்று நான் அடம்பிடிக்க, அம்மா அதை அடியில் போட்டு, மேலே கருநீலத்தை மாட்டி, கழுத்து வரைக்கும் பொத்தான் பூட்டினார். "வெள்ளை மேல தெரியப்படாது பிள்ளை. ஹெலிகொப்டர்காரனுக்குத் தெரியும். வெளிச்சம் அடிச்சால் அப்பிடியே குனி, அசையாதை." வள்ளம் நின்ற கரை வரைக்கும் ஓடினோம். அக்கரையில் அகதி முகாமில் கழற்றிப் பார்த்தபோது கருநீலச் சாயம் வேர்வையில் இறங்கி வெள்ளைச் சட்டை திட்டுத் திட்டாகிக் கிடந்தது. அதைக் கட்டிப்பிடித்து அழுதது நினைவிருக்கிறது. ஊரை விட்டதற்கு அழுதது நினைவில்லை.

அப்போது ஓட உடுத்தது யாருக்கும் தெரியாமல் இருக்க. இப்போது தெரியும்படி உடுக்கச் சொல்கிறார்கள்.

மார்கழியில் ஒரு பின்னேரம், வேலை முடிந்து வந்து வெளிக்கிட்டேன். பனி தூறிக்கொண்டிருந்தது. நடைபாதைப் பனியைத் தள்ளுகிற சின்ன உழவு வண்டிகள் இங்கே உண்டு. சின்னதென்றாலும் வேகம் பெரியது. நான் குறுக்குத் தெருவிலிருந்து திரும்ப, அது எதிரே வந்தது. சத்தம் கேட்டதுதான், கழுத்துத் துணியும் தொப்பியும் காதை மூடியிருந்ததால் எங்கிருந்து என்று தெரியவில்லை. அதன் விளக்கு முகத்தில் அடித்தது. விலகி ஓட வேண்டிய நேரத்தில் நான் என்ன செய்தேன் தெரியுமா? அப்படியே குனிந்தேன். குனிந்து, அசையாமல் இருந்தேன்.

வண்டியின் முன்னால் பனி தள்ளும் பலகை என் முழங்காலில் முட்டிய இடத்தில் நின்றது. ஓட்டியவர் குதித்து இறங்கினார். தாடி வைத்த பெரிய மனிதர். உங்களைக் காணவில்லை மடாம், காணவேயில்லை, ஏன் ஓடவில்லை, ஏன் குந்தினீர்கள் என்று கத்தினார். எனக்கு வாயில் வந்தது "மெர்சி", நன்றி, மட்டும்தான். அவர் அதைக் கேட்டு இன்னும் பயந்துபோனார், தலையில் அடிபட்டுவிட்டது என்று நினைத்திருக்க வேண்டும். என் கையைப் பிடித்து வீட்டு வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட்டார்.

மச்சாள் கதவைத் திறந்தார். பனி அப்பிய உடுப்பையும் முழங்காலையும் பார்த்தார். அந்த மனிதர் பிரெஞ்சில் சொன்னதெல்லாம் அவருக்கு விளங்கியிருக்காது. ஆனால் "காணவில்லை" என்பதற்கு அவர் கையால் காட்டிய சைகை விளங்கியது. கதவைச் சாத்திவிட்டு, என் முழங்காலுக்கு எண்ணெய் பூசினார். பிறகு எழுந்து கொளுக்கியிலிருந்து இவருடைய வேலைச் சட்டையை எடுத்தார்.

"மச்சாள், என்ன செய்யிறியள்?"

"பேசாமல் இருங்கோ."

மச்சாள் இங்கே வந்து முதல் பத்து வருடம் தையல் ஆலையில் இருந்தவர். பிளேட்டால் நூலை ஒவ்வொன்றாக அறுத்து அந்த வெள்ளிக் கோடுகளைப் பிரித்தார். சட்டையை ஒருமுறை முகத்தில் வைத்து மணந்தார். அதைத் தோய்க்காமல் வைத்திருந்தது ஏன் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. என் கறுப்பு மேற்சட்டையின் முதுகில் இரண்டு கோடுகளையும் வைத்துத் தைத்தார். மெஷின் சத்தத்துக்கு நடுவில், என்னைப் பார்க்காமல் சொன்னார்: "இதில நிறம் இல்லைத்தானே. இது வெளிச்சம்."

முழங்கால் ஆறிய பிறகு மறுபடி வெளிக்கிட்டேன். திரும்பி வந்தபோது மச்சாள் யன்னலடியில் விளக்குப் போடாமல் நின்றார்.

"என்ன மச்சாள், இருட்டில?"

"நீங்கள் அங்கால திரும்பி ஓடேக்க பின்னால ஒரு கார் வந்துது. அண்ணை வேலைக்குப் போறமாதிரிக் கிடந்தது." யன்னல் திரையை இழுத்துவிட்டு, "சாப்பாட்டுப் பெட்டியை விட்டிட்டுப் போறார் எண்டு கூப்பிடப் பாத்தன்" என்றார்.

இரண்டு பேரும் சிரிக்கலாமா என்று பார்த்தோம். முடியவில்லை. அன்றைக்கு முதல்முறையாக அவர் முன்னால் அழுதேன், அவரும் அழுதார். யாரும் யாரையும் தேற்றவில்லை.

ஆண்டுப் பூசை முடிந்துவிட்டது. இனி நிறம் உடுக்கலாம் மச்சாள் என்று அவரே சொல்லிவிட்டார். அந்தக் கடைக்கும் போனேன், செம்மஞ்சளைப் போட்டும் பார்த்தேன், கழற்றி வைத்துவிட்டு வந்தேன். இந்தக் குளிர்காலமும் கறுப்புத்தான். என் முதுகில் இருக்கிற கோடுகளை நான் ஒருநாளும் காண்பதில்லை, பின்னால் வருகிறவருக்குத்தான் அவை தெரியும். கார் ஒன்று திரும்பும்போது என் நிழல் பனியில் நீளமாக விழும், முதுகு மினுங்குகிறது என்று அப்போது தெரிந்துகொள்வேன். ஆனால் வெளிச்சம் பட்டவுடன் தோள் இன்றைக்கும் தானாகக் குனிகிறது, அசையாதை என்று காதுக்குள் கேட்கிறது. கால் நிற்பதில்லை. குனிந்தபடியே, மினுங்கிக்கொண்டு, ஓடுகிறேன்.