மிளகாய்க்கு இடது வலது தெரியாது

கோதண்டபாணிக்கு ஊர் திமிரி. பேர் வாங்கியது ஆம்பூரில். நெடுஞ்சாலையோரம் முனவ்வர் பேகத்தின் பிரியாணிக் கடையில் இருபத்தாறு வருடமாக அவர்தான் மாஸ்டர். காய்ந்த மிளகாயை ஊறவைத்து அரைத்த விழுதை நுனிவிரலில் தொட்டு நாக்கில் வைப்பார். அந்த ஒரு தொடலில் பிரியாணி வேகும் தேக்சாவின் தலையெழுத்து முடிவாகிவிடும். மறுபடி ருசி பார்ப்பவன் கத்துக்குட்டி என்பது அவர் கட்சி. அந்த நாக்கின் மேல் அவருக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல.

கர்வம் இருந்த அதே வாயில், இடது கன்னத்துக்குள், இருபது வருடமாகப் போயிலைத் தூளும் இருந்தது. விறகுப் புகையில் நிற்பவனுக்கு அது இல்லாமல் முடியாதாம். அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லிச் சொல்லி அவரே நம்பியும் விட்டார்.

ஒரு மழைக்காலத்தில் கடையின் பிரியாணிக்கு என்னவோ ஆகிவிட்டது. நிறம் இருந்தது, மணம் இருந்தது, காரத்தை மட்டும் காணோம். ஷூ கம்பெனியில் ஒட்டுப் பிரிவில் வேலை செய்யும் மதியழகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை இலையைத் தள்ளிவிட்டுச் சத்தமாகவே கேட்டான்.

"இன்னா மாஸ்டர், பத்தியச் சோறா போடுறீங்க?"

கரண்டியோடு வெளியே வந்தார் கோதண்டபாணி. "இந்த வருஷ மிளகாயப் பத்தி உனக்கு இன்னா தெரியும்? வாயில வெச்சா நெருப்பு. நான் கம்மி பண்ணலைன்னா நீ இங்கியே அழுவே!"

கல்லாவிலிருந்து பேகம் எழுந்தார். புருஷன் போன பிறகு பதினோரு வருடமாகக் கடையைத் தனியாக நடத்துகிறவர். சத்தம் போடாமல் உள்ளே போய் விழுதுக் கிண்ணத்தை எடுத்து வந்தார். தான் ஒரு தொடல் தொட்டு நாக்கில் வைத்தார். மதியழகனுக்கும் ஒரு தொடல் கொடுத்தார். இருவரும் முகம் சுளிக்கவில்லை.

"போன வருஷத்தைவிட காரம் கம்மிதான் மாஸ்டர். ரெண்டு மாசமா நீங்க விழுதைக் கொறச்சிக்கினே வர்றீங்க. நானும் பாத்துக்கினுதான் இருக்கேன்."

கடை முழுக்கப் பார்க்க, மாஸ்டரின் நாக்கு தோற்றுப்போனது. கோதண்டபாணிக்கு அவமானத்தில் காது சுட்டது. "எரியுதுன்னா எரியுது. நான் இன்னா பொய்யா சொல்றேன்?" என்று கத்தினார்.

பார்சலுக்காக நின்றிருந்த எப்சி அப்போதுதான் வாயைத் திறந்தாள். வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். "எந்தப் பக்கம் எரியுது அண்ணா?"

"இடது பக்கம்."

"வலது பக்கம்?"

கோதண்டபாணி யோசித்தார். "அங்க ஒண்ணுமில்ல."

"மிளகாய்க்கு இடது வலது தெரியுமா அண்ணா?"

எப்சி அவரை வெளிச்சத்துக்குக் கூட்டிப்போய், செல்போன் விளக்கை வாய்க்குள் அடித்தாள். போயிலை வைக்கிற இடத்தில், அரை விரல் அகலத்துக்கு வெள்ளையும் சிவப்புமாக ஒரு திட்டு. சுத்தமான துணியால் துடைத்துப் பார்த்தாள். போகவில்லை.

"வலியே இல்லியே சிஸ்டர்."

"ஆரம்பத்துல வலிக்காது. அதனாலதான் எல்லாரும் ஏமாந்துடுறாங்க. துடைச்சா போகாத திட்டு, ரெண்டு வாரத்துல ஆறாத புண்ணு, எது இருந்தாலும் காட்டியாகணும். நாளைக்கே வாங்க."

கேன்சர் என்ற சொல்லை அவள் சொல்லவில்லை, ஆனால் கோதண்டபாணிக்குக் கேட்டுவிட்டது. நாக்கை எடுத்துவிட்டால்? நாக்கில்லாத மாஸ்டரை எந்தக் கடை வைத்துக்கொள்ளும்? கல்யாண ஆர்டர் இருக்கிறது, அடுத்த வாரம் பார்க்கலாம் என்று மழுப்பினார். அடுத்த வாரமும் அதையே சொன்னார்.

மூன்றாவது ஞாயிறு அவர் வந்தபோது அடுப்பில் விறகே இல்லை. கடைக் கதவு பாதி சாத்தியிருந்தது. வாசலில் நாற்காலி போட்டு பேகம் உட்கார்ந்திருந்தார்.

"டாக்டர்கிட்ட காட்டிட்டு வாங்க. அதுவரைக்கும் இந்தக் கடையில அடுப்பு எரியாது."

"பேகம்மா, ஞாயித்துக்கெழமை!"

"ஞாயித்துக்கெழமை அடுத்த வாரமும் வரும். நீங்க வரணுமில்ல?"

திங்களன்று வேலூர் பஸ் ஏறினார்.

திட்டிலிருந்து துளி சதை எடுத்துச் சோதித்தார்கள். பத்து நாள் கழித்து வந்த முடிவு கேன்சர்தான். கோதண்டபாணி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "நாக்கை எடுத்துடுவீங்களா?" டாக்டரம்மா சிரித்தார். நாக்குக்கு ஒன்றும் இல்லை, கன்னத்தில் அந்த இடத்தை மட்டும் எடுத்தால் போதும், தொடக்கத்திலேயே பிடித்துவிட்டீர்கள், ஆறு மாதம் தள்ளியிருந்தால் இப்படிப் பேசியிருக்க மாட்டேன் என்றார். ஆஸ்பத்திரி வாசலில் நின்று அந்தக் கோபக்காரர் கேவிக்கேவி அழுதார். சந்தோஷத்தில்தான்.

ஆபரேஷனுக்குப் பிறகு கஞ்சியும் தயிருமாக நாட்கள் போயின. அதைவிடப் பெரிய பாடு போயிலையை விட்டது. கை தானாகத் தூள் செருகும் இடுப்புக்குப் போகும், வெறுங்கையாகத் திரும்பும். எரிச்சலில் வீட்டில் பாத்திரங்கள் பறந்தன. ஆனால் ஒரு சிட்டிகைகூட உள்ளே போகவில்லை.

ஐந்தாம் மாதம் டாக்டரம்மா காரத்துக்குச் சம்மதம் கொடுத்தார். அந்த ஞாயிறு கடை நிரம்பி வழிந்தது. கோதண்டபாணி விழுதைத் தொட்டு நாக்கில் வைத்தார். பிறகு வாழ்க்கையில் முதல்முறையாக இரண்டாம் தடவையும் தொட்டு, இடது கன்னத்துக்குள்ளும் வலது கன்னத்துக்குள்ளும் தடவினார். எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தார்கள்.

எரிந்தது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி எரிந்தது.

"போடு பழைய அளவு!" என்ற குரல் ரயில் நிலையம் வரை கேட்டிருக்கும். பேகம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, புகை என்றார்.

மதியழகன் நாலு வாய் சாப்பிட்டுவிட்டுத் தண்ணீருக்குப் பறந்தான். "காரம் ஜாஸ்தி மாஸ்டர்!"

கோதண்டபாணி கரண்டியை வைத்துவிட்டு அவன் எதிரில் வந்து உட்கார்ந்தார். பசை தீப்பிடிக்கும் ஒட்டுப் பிரிவில் பீடி பற்றவைக்க முடியாதென்று அவனும் கன்னத்தில் தூள் வைப்பவன்தான்.

"எந்தப் பக்கம்டா எரியுது?"

"ரெண்டு பக்கமும்தான்!"

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

"ரெண்டு பக்கமும் மாஸ்டர், சத்தியமா!"

கோதண்டபாணி அவன் சட்டைப்பையிலிருந்த தூள் பாக்கெட்டை எடுத்து அடுப்பில் போட்டுவிட்டு வந்தார்.

"அப்ப நிம்மதியா சாப்பிடு" என்று இலையில் இன்னொரு கரண்டி வைத்தார்.