மூலை வெட்டிய தாள்கள்

ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து தாள்களின் மேல் மூலைகளை வெட்டிக்கொண்டிருந்தேன். நெய்வேலி குவார்ட்டர்ஸின் முன்னறை, தலைக்கு மேல் ஃபேன், கையில் அம்மாவின் தையல் கத்தரிக்கோல். ஒவ்வொரு தாளாக எடுத்து, எழுத்து கண்ணில் படாதபடி கவிழ்த்துப் பிடித்து, மூலையை மட்டும் நறுக்கிப் பழைய பையில் போட்டேன். பின்னாளில் ஒரு கல்லூரியில் வருடக்கணக்காக உளவியல் பாடம் எடுத்தவள் நான். ஆய்வில் நேர்மை என்றால் என்ன என்று பிள்ளைகள் கேட்டபோதெல்லாம் இந்த மத்தியானத்தைத்தான் சொல்லியிருக்க வேண்டும். ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. காரணம் அப்பா.

அப்பாவுக்குச் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பார்க்கும் வேலை. ஒரு பெல்ட்டில் வரும் கரி இன்னொரு பெல்ட்டுக்கு மாறி விழும் இடத்தில் இருந்துகொண்டு, பெல்ட் விலகுகிறதா, கிழிகிறதா என்று எட்டு மணி நேரம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒன்றும் நடக்காத நாள்தான் நல்ல நாள். வீட்டுக்கு வந்தால் குளிப்பார், சாப்பிடுவார், ரேடியோ பக்கத்தில் உட்காருவார், அவ்வளவுதான். எங்களுக்குச் சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். அங்கே பெரியப்பா மோட்டாருக்குக் காயில், அதாவது செப்புக் கம்பிச் சுருள், கட்டும் கடை வைத்திருந்தார். நான் எம்.ஏ. கடைசி வருடம் படித்தபோது, தை மாதத்தில், அவரிடமிருந்து அப்பாவுக்கு ஒரு கடிதம் வந்தது. கண் சரியாகத் தெரியவில்லை, நீ வந்து கடையை எடுத்துக்கொள், ஆனிக்குள் பதில் சொல், இல்லையென்றால் வேறு ஆளுக்கு விட்டுவிடுவேன் என்று எழுதியிருந்தார். சின்ன வயதில் அந்தக் கடையில்தான் அப்பா தொழில் பழகியவர். கடிதத்தை இரண்டு தரம் படித்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அம்மாதான் பேசினாள். "பர்மனென்ட் வேலய விட்டுட்டு எவனாவது போவானா? வேலய விட்டா குவார்ட்டர்ஸயும்லா விடணும். இவ படிப்பு, சின்னவன் ஸ்கூலு, ஆஸ்பத்திரி, எல்லாம் இதுலதான தொங்குது." அப்பா "ம்" என்றார். அந்த "ம்" சரி என்பதற்கா, காதில் விழுந்தது என்பதற்கா என்று எங்களில் ஒருவரும் விசாரிக்கவில்லை. அம்மா சொன்னதே எனக்கும் சௌகரியமாக இருந்தது. அதையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும்.

எம்.ஏ. ஆய்வுக்கு நான் எடுத்த விஷயம், தொழிலாளர்களுக்கு வேலையில் இருக்கும் ஈடுபாடு. அப்பாவின் செக்‌ஷனிலேயே கேட்க அனுமதி கிடைத்தது. நாற்பது கேள்விகள். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது உற்சாகமாக இருக்கிறதா, வேலை நேரம் சீக்கிரம் போகிறதா, இப்படி. எல்லாவற்றுக்கும் டிக் அடித்தால் போதும். கடைசியில் மட்டும் நான்கு கோடு விட்டு, வேறு ஏதாவது சொல்ல வேண்டுமானால் எழுதலாம் என்று போட்டிருந்தேன். எனக்கு வழிகாட்டியாக இருந்த பேராசிரியைக்கு ஒரே ஒரு கண்டிப்பு: எதை யார் சொன்னார் என்பது யாருக்கும் தெரியக் கூடாது, உனக்கும் சேர்த்துத்தான். ஷிப்ட் மாறும் நேரத்தில் போய் நின்று, பேர் எழுத வேண்டாம், பேர் எழுத வேண்டாம் என்று தொண்டை வற்றச் சொன்னேன். அப்பாவும் அந்தக் கூட்டத்தில் ஒரு தாளை வாங்கி மடித்துக்கொண்டார். அங்கே பக்கத்து ஊரான வடக்குத்திலிருந்து வருகிற, வடக்குத்து அண்ணன் என்று ஒருவர் இருந்தார். லீவ் லெட்டரோ லோன் ஃபாரமோ, அந்த ஷிப்டில் எல்லாருக்கும் எழுதிக் கொடுப்பவர் அவர்தான். "நீங்க ஏன் நின்னுக்கினு கீறீங்க தங்கச்சி? அவங்கவங்க சொல்லச் சொல்ல நான் எழுதி வாங்கித் தர்றேன், போங்க" என்றார்.

மறுவாரம் கட்டாக வாங்கிப் பார்த்தால், பேர் ஒன்றில்கூட இல்லை. ஆனால் எடுத்த நாலைந்து தாளிலும் வலது மூலையில் டோக்கன் நம்பர் இருந்தது. ஐயோ என்று ஆகிவிட்டது. எங்கள் டவுன்ஷிப்பில் ஒரு மனிதர் என்றால் சுரங்கத்தில் கொடுத்த அந்த நம்பர்தான். ஆஸ்பத்திரிப் புத்தகத்தில், பள்ளிக்கூட ஃபாரத்தில், சாப்பாட்டு டப்பாவின் மூடியில் எல்லாம் அதுதான் இருக்கும். எழுதப் படிக்கத் தெரியாதவர்கூட அதை எழுதுவார். "பேரு வாணாம்னீங்க, யாரும் போடல. நம்பரு இல்லாத காயிதம் எந்த ஆபீஸ்லயும் செல்லாதுங்களே. அத மட்டும் அவங்கவங்க கையால போட்டுட்டாங்க" என்றார் வடக்குத்து அண்ணன். அதனால்தான் கத்தரிக்கோலை எடுத்தேன். கவிழ்த்து வெட்டியது பேராசிரியையின் கண்டிப்புக்காக என்று அன்றைக்கு என்னை நானே மெச்சிக்கொண்டேன். உண்மை அதில்லை. அப்பாவின் நம்பர் எனக்குத் தூக்கத்தில் கேட்டாலும் வரும். அது கண்ணில் பட்டுவிட்டால் அந்தத் தாளைப் படிக்க வேண்டும், படித்தால் ஏதாவது செய்ய வேண்டும். அந்தப் பயம்தான்.

வெட்டி முடித்துக் கலைத்துப் போட்டபின் எல்லாவற்றையும் படித்தேன். முக்கால்வாசி வடக்குத்து அண்ணன் கையெழுத்து. கடைசிக் கோடுகளைப் பல பேர் வெறுமையாக விட்டிருந்தார்கள். சிலர் ஃபேன் கேட்டிருந்தார்கள். அவர் கையெழுத்திலேயே ஒரு தாளில் மட்டும், "இங்கிருந்து போய்விட வேண்டும் என்று இருக்கிறது. வீட்டில் யாரும் கேட்டதில்லை. கேட்டால் சொல்லிவிடுவேன்" என்று இருந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். புதையல் கிடைத்த மாதிரி அதைத் தனியாக எடுத்து வைத்தேன். பாவம், யார் பெற்ற பிள்ளையோ என்றுகூட நினைத்தேன்.

சித்திரையும் வைகாசியும் அதை எழுதுவதிலேயே போயின. அப்பா ஒருநாள் என் மேஜையருகே வந்து நின்றார். அப்படி வருகிறவர் இல்லை. "எல்லாத்தையும் படிச்சிட்டியாம்மா?" என்று கேட்டார். "ஒண்ணு விடாமப் படிச்சிட்டேம்பா. எல்லாம் நல்லா வந்திருக்கு" என்றேன். கொஞ்ச நேரம் நின்றார், பிறகு ரேடியோவிடம் போய்விட்டார். பத்துப் பதினைந்து நாள் கழித்து மறுபடியும் வந்து அதையே கேட்டார். "அதான் அன்னைக்கே சொன்னேனேப்பா" என்று கொஞ்சம் சிடுசிடுத்தேன்.

ஆடி பிறந்தபின் ஆய்வு பைண்ட் ஆகி வந்தது. பேராசிரியை நன்றாக இருக்கிறது என்று சொன்ன பக்கத்தை வீட்டில் உட்கார்ந்து பெருமையாகப் படித்துக் காட்டினேன். பெயர் தெரியாத அந்தத் தொழிலாளி சொன்ன மூன்று வரிகள் அதில்தான் இருந்தன. அம்மா உள்ளே சோறு கட்டிக்கொண்டிருந்தாள். அப்பா சட்டைக்குப் பொத்தான் போட்டபடி கேட்டார். "அது என் பேப்பருதாம்மா. நம்பர் போட்டிருந்தேனே, பாக்கலியா?"

மூலையை வெட்டியதைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "உங்கிட்டச் சொல்ல வந்தா வாய் வரமாட்டேங்கு. எழுதச் சொல்லி நம்பரப் போட்டா நீ படிப்பே, படிச்சா வந்து கேப்பேன்னு நெனச்சேன்" என்றார். மற்றவர்கள் எல்லாரும் பழக்கத்தில் போட்ட நம்பரை அப்பா ஒருவர்தான் வேண்டுமென்றே போட்டிருக்கிறார். நான் அழுதுவிட்டேன். "இப்பவாவது பெரியப்பாவுக்கு எழுதலாமாப்பா? நான் எழுதுறேன்."

"அண்ணன் கடைய வேற ஆளுக்கு விட்டாச்சு. போன வாரமே லெட்டர் வந்துட்டு" என்றார். பிறகு உள்ளே பார்த்து, "ரெண்டு மணி ஷிப்டு, நேரமாச்சுல்லா" என்று குரல் கொடுத்தார். சாப்பாட்டு டப்பாவை ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு சைக்கிளை மிதித்துப் போனார்.

அதற்குப் பிறகு பதினோரு வருடம், ஓய்வு பெறும் வரை, அதே பெல்ட்டைத்தான் பார்த்தார். அந்த ஆய்வில் எனக்கு முதல் வகுப்பு கிடைத்தது.